வந்துகீறாரு, வந்துகினு கீறாரு

துறைமுக அலுவலகத்தில் விதிகளைக் காவல் காத்து ஓய்வு பெற்றபின், பொழுது போகாமல் மொழியியல் முதலாண்டில் சேர்ந்தேன். முதல் வகுப்பில் பேராசிரியை, வீட்டில் பேசுவதுபோல ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்.

"அப்பா வந்துகினு கீறாரு" என்றாள் அருகிலிருந்த பெண். வகுப்பே சிரித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

"'வந்துகீறாரு'ன்னும் சொல்லலாமாம்மா?" என்று கேட்டார் பேராசிரியை.

"அது வேற மேடம். வந்துகீறாருன்னா வூட்ல கீறாரு. வந்துகினு கீறாருன்னா இன்னும் வழியில கீறாரு."

"இதுதான் இலக்கணம். உனக்கு யாரும் பாடம் நடத்தல, ஆனா தப்பே பண்ணல."

சிரிப்பு நின்றது. அவள் உட்கார்ந்தாள்.

நானும் அவளைப்போல வடசென்னைதான், ராயபுரம். அத்தனை விதிகளும் அறிந்த எனக்கு, என் வாயிலேயே ஒன்று குடியிருந்தது தெரியவில்லை. அவள் பக்கம் சாய்ந்து, "உன் வூடு எங்க கீது கண்ணு?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "காசிமேடு நைனா. உங்குளுது?"