பதினோரு நிமிடம்

நான் ஒரு பொய் சொன்னவன். அதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் இது பொய்யில்லை. ஓரான் நகரத்தில், என் தகப்பனார் பெயர் தாங்கிய பட்டறையில், நோன்பு பத்தாம் நாள் மாலை என் கண்ணால் பார்த்தது.

என் தம்பி லார்பியின் மகன் இலியாஸ். இருபத்தாறு வயது. தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் குடைந்து பெரிதாக்கி, ட்யூனிங்குக்கு என்னிடம் கொண்டுவந்தான். புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சாரை அவனே பொருத்தியிருந்தான். எரிந்த புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று அதன் மீட்டர் காட்டும். மிச்சம் அதிகமென்றால் பெட்ரோல் போதவில்லை. எஞ்சின் உள்ளே உருகும்.

முழு வேகத்தில் மீட்டர் அதைத்தான் காட்டியது.

"பெட்ரோல் பத்தல பெரியப்பா."

"மீட்டர் உளறுது. சத்தம் சுத்தமா இருக்கு. எங்க வாப்பா காதாலயே ட்யூன் பண்ணவரு."

"உங்க காதுக்கு எழுபது வயசு. இதுக்கு ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசக் குழந்தை எனக்குப் பாடம் எடுக்குதா? எடுத்துட்டுப் போடா."

சிரித்துக்கொண்டே போனான். கடற்கரைச் சாலையில் பிஸ்டன் உருகி, பின்சக்கரம் இறுகி, வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் நான் சொன்னேன்: "நான் சரியாத்தான் கொடுத்தேன். எனக்குத் தெரியாம அவனே திருகிக் கெடுத்துட்டான்."

எல்லோரும் நம்பினார்கள். பொறுப்பற்ற பையன் என்று ஊர் பேசியது. தம்பி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் இறந்த நாற்பதாம் நாள் நோன்பு மாதத்தில் வந்தது. நோன்பு திறக்கத் தம்பி வீட்டுக்கு அழைத்திருந்தான். போக முகமில்லை. ஆட்களை அனுப்பிவிட்டுப் பட்டறையில் தனியாக இருந்தேன். தெருவில் ஒரு ஜீவன் இல்லை.

கை சும்மா இருக்கவில்லை. நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றி வைத்த அந்தச் சென்சாரை எடுத்தேன். கொக்கியில் தொங்கவிட்டு, மீட்டரில் இணைத்தேன். வெறும் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். காட்டியது.

மணி 7.14.

எண் இறங்கியது. 19... 17... 16. மறுபடி ஏறியது. 20.9.

வயர் தளர்வு என்று நினைத்தேன். அழுத்தினேன். இறங்கியது. ஏறியது. நான்கு விநாடிக்கு ஒருமுறை. ஒரே சீராக.

மனிதன் வெளியே விடும் மூச்சில் ஆக்ஸிஜன் பதினாறு. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

சென்சாரின் முன்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள்...

நான் எட்டடி தள்ளி, மீட்டர் பக்கம் நின்றேன். என் மூச்சில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

மீட்டரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

எண் நிற்கவில்லை.

இறங்கியது... ஏறியது. இப்போது ஆறு விநாடி.

பிறகு ஒன்பது.

சத்தமும் கேட்டது. ஈரமான, அடைத்த சத்தம்.

"இலியாஸ்?" என்றேன்.

பதினாறு.

வெகுநேரம் பதினாறு...

மெல்ல ஏறியது. 20.9.

20.9.

20.9.

வெறும் காற்று. யாருமில்லை.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. மணி 7.25.

பேரீச்சம்பழத்தைக்கூட வாயில் வைக்காமல் தம்பி வீட்டுக்கு நடந்தேன். சூப் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்த அத்தனை உறவுக்கும் முன்னால் சொன்னேன். மீட்டர் சரியாகக் காட்டியது. பார்த்தேன். தெரிந்தே அனுப்பினேன். அவன் எதையும் திருகவில்லை.

தம்பி எழுந்து என்னை வாசலுக்குக் கூட்டிப்போனான்.

"எனக்குத் தெரியும்ணே."

"எப்படி?"

"உடனே போயிட்டான்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அவன் உம்மாக்காரி தாங்கமாட்டான்னு. அன்னிக்கு நான் பின்னாடியே கார்ல வந்துட்டிருந்தேன். என் மடியில அவனுக்குப் பதினோரு நிமிஷம் மூச்சு இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னான்."

பட்டறையில் நடந்ததை அவனிடம் நான் சொல்லவே இல்லை.

"தெரிஞ்சும் ஏன்டா என்னைக் கேக்கல?"

"அவன்தான் கேக்க வேணாம்னான்" என்றான் தம்பி. "'பெரியப்பாகிட்ட நானே போய்ப் பேசிக்கிறேன்'னான்."