வலை இல்லாத கோல்

எங்கள் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. இரண்டு கம்பம், மேலே ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். உள்ளே போன பந்து போய்க்கொண்டே இருக்கும். பின்னால் வயல், வயலுக்கு அப்பால் குளம். அதனால் தென்காசியில் பந்தாட்ட ரசிகன் என்றால் கைதட்டுகிறவன் மட்டுமல்ல, கோலுக்குப் பின்னால் வரிசையாக நின்று பந்தை மறித்து எடுத்துக் கொடுக்கிறவன். நாங்கள்தான் வலை. எங்கள் கீப்பர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம் நாங்களும் நிற்போம். இடைவேளையில் அவர் பக்கம் மாறினால், கூட்டம் மொத்தமும் சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். எதிர் டீமுக்குப் பின்னால் அவர்கள் ஊர் ஆட்கள் நிற்க வேண்டும். ஆள் கொண்டுவராத டீமின் கீப்பர் தன் பந்தைத் தானே ஓடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம்மோடு சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் அப்போது ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் உள்ள நாளில் முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வருவேன். அவரும் வீட்டில் விருந்தாளி என்று சொல்லிவிட்டு வருவார். கோலுக்குப் பின்னால் இருவரும் பார்த்துக்கொண்டால் பேசிக்கொள்ள மாட்டோம்.

எங்கள் டீமில் இரண்டு கீப்பர்கள். பெரிய கீப்பர் அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிறவர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார் என்றாலும் ஆள் தேக்கு மரம். சாரல் காலத்தில் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் உயரப் பந்து எங்கே வந்து விழும் என்பது அவருக்கு அத்துப்படி. சின்ன கீப்பருக்கு இருபது வயது இருக்கும், தையல்கடையில் வேலை. பூனை மாதிரிப் பாய்வான். பயிற்சியில் அவன் எடுக்கிற பந்துகளைப் பார்த்துவிட்டு எங்கள் ஃபார்வர்டுகளே தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் பயிற்சியில் மட்டும்தான். அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. இறங்கினவர்தான் கடைசிவரை ஆட வேண்டும். பெரிய கீப்பருக்கோ ஒரு தலைவலிகூட வந்ததில்லை. ஆகவே சின்ன கீப்பர் சைக்கிள் பம்பால் பந்துக்குக் காற்றடிப்பான், எலுமிச்சம்பழம் நறுக்குவான், ஆடப் போனவர்களின் சட்டைகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். இலவு காத்த கிளி என்றால் அவன்தான்.

பஸ்ஸில் செங்கோட்டைக்குப் போய்வருகிற கண்டக்டர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. ஒருநாள் சோடாக்கடைக்கு வந்து ஒரு கலர் சோடாவை உடைத்துக் குடித்துவிட்டு அவர்தான் செய்தியைப் போட்டார்.

"செங்கோட்டைக்காரங்க சின்னவனக் கேக்காங்க. அவங்க கீப்பரு புனலூர் பக்கம் போயிட்டாராம். வந்தா எல்லா ஆட்டமும் இவந்தானாம்."

சோடாக்கடை அண்ணாச்சிதான் எங்கள் வலைக்குத் தலைமை. அவருடைய மரப்பெட்டி எங்கே இருக்கிறதோ அதுதான் கூட்டத்துக்கு நடு. அவர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

"இவன் என்ன சொன்னானாம்?"

"யோசிக்கானாம்."

அன்றிலிருந்து கடை இரண்டாகப் பிரிந்தது. அண்ணாச்சி போகக் கூடாது என்கிற கட்சி. "நம்ம மைதானத்துல உருண்டு படிச்ச பய, செங்கோட்டைக்குப் போயி நம்ம பந்தையே பிடிப்பானா? இக்கரைக்கு அக்கரை பச்சைலே. பொறுத்தவன் பூமி ஆள்வான்."

கண்டக்டர் போக வேண்டும் என்கிற கட்சி. "ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர் எதுக்கு அண்ணாச்சி? ஒருத்தர் ஓட்டுதாரு, ஒருத்தன் பின்னால தூங்கிட்டு வாரான். இப்படியே தூங்கினான்னா ஸ்டியரிங்கு எந்தப் பக்கம் இருக்குன்னு மறந்துபோவும்."

"பெரியவரு என்ன, சாகுற வரைக்கும் நிக்கப்போறாரா?"

"நிப்பாரு போலத்தான் இருக்கு."

எனக்குக் கட்சி கிடையாது. யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் சொல்வதுதான் எனக்கு நியாயமாகப் படும். இந்தக் குணத்தால் இரண்டு பக்கமும் என்னைத் தங்கள் ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். சோடாவுக்கு யாரும் என்னிடம் காசு கேட்டதில்லை.

பேச்சு வாரக்கணக்கில் நீண்டது. எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்து முட்டியது. பெரியவருக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உடம்புக்கு வந்தால் போதும். சின்னவன் ஒரு ஆட்டம் நிற்பான். அவன் நிற்பதைப் பார்த்துவிட்டால் ஊர் அவனை விடாது, அவனும் ஊரை விடமாட்டான். இது அண்ணாச்சியின் கணக்கு. காய்ச்சல் வரவில்லை என்றால் வரவழைத்தால் என்ன என்று கேட்டதும் அவர்தான்.

அவர் திட்டம் இது. சீசன் நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அன்று காலையில் பெரியவரைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போய், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி, அருவிக்கு அடியில் பல் கிட்டிப்போகிற வரைக்கும் நிறுத்திவிட வேண்டும். துவட்டத் துண்டு கேட்டால் தாமதம் பண்ண வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் மூக்கு அடைத்துக்கொள்ளும். கண்டக்டர்கூட இதற்கு ஒத்துக்கொண்டார். ஒரு ஆட்டம் என்றாலும் ஆட்டம்தானே என்றார்.

இதில் உள்ள முட்டாள்தனம் அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை. மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வருகிற சீசன்காரர்கள் அருவியைப் பார்த்துப் பயந்து நின்றால், "மூலிகைத் தண்ணி, எவ்வளவு நேரம் நின்னாலும் சளி பிடிக்காது, பிடிச்ச சளியும் போயிரும்" என்று வருஷம் தவறாமல் சொல்லி அனுப்புகிறவர்கள் நாங்கள். ஊருக்குச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

பெரியவர் அழைத்தவுடன் சந்தோஷமாக வந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் முதுகில் தபேலா வாசித்தார். பேரருவியில் பாறையை ஒட்டி நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். நானும் கண்டக்டரும் குளித்து முடித்துக் கரையேறியும் அவர் வரவில்லை. அண்ணாச்சி குளிக்கவில்லை. துண்டும் வேட்டியும் அவர் பொறுப்பு. திட்டப்படி தாமதம் பண்ணுவதற்காகத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். மேலிருந்து சாரல், எதிரிலிருந்து அருவித் திவலை, மலையிலிருந்து காற்று. துணிகளை மடியில் வைத்துக் குனிந்து மறைத்துக்கொண்டார். துணி நனையவில்லை.

பெரியவர் ஒருவழியாக வெளியே வந்தார். கண் செக்கச் செவேல் என்று இருந்தது. "பசிக்குலே" என்றார். கடையில் உட்கார்ந்து அவர் இட்லி சாப்பிட்ட வேகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பஸ்ஸில் அவரே ஜன்னல் ஓரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நன்றாகத் தூங்கினார்.

சாயங்காலம் அவர் ஆடியது மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காற்று எதிரணிக்குச் சாதகமாக இருந்த பாதியிலும் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. எதிர் ஃபார்வர்டு வெறுத்துப்போய் கோயிலின் இடிந்த மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து உயர அடிக்க ஆரம்பித்துவிட்டான். எங்களுக்குப் பந்து எடுக்கிற வேலையே இல்லை. அண்ணாச்சி மட்டும் அன்று தன் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்காமல் அதன் மேலேயே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார். மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

அவரைப் பார்க்கப் போனபோது சின்ன கீப்பரும் அங்கே இருந்தான். மிளகு ரசம் கொண்டுவந்திருந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ரசத்தின் காரமோ காய்ச்சலோ, அண்ணாச்சி எல்லாவற்றையும் உளறிவிட்டார். "உனக்காகத்தாம்லே இந்தப் பாடு" என்று முடித்தார்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அவருக்குக் காய்ச்சல் வரணும்னு நானும்தான் நெனைச்சிருக்கேன் அண்ணாச்சி. ஆட்டத்தன்னைக்குக் காலையில எந்திச்சதும் அந்த நெனப்புதான் முதல்ல வரும். அவரு எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. இந்த நெனப்போட இங்கன இருக்க எனக்குப் பிடிக்கல. நான் போறேன்."

அத்தனை வாரம் அத்தனை சோடாவோடு பேசியும் எங்களில் ஒருவருக்கும் அவனிடம் நேரில் கேட்கத் தோன்றவில்லை.

பெரியவரிடம் சொல்லிக்கொள்ளத் தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் மில்லுக்குக் கூட்டிப்போனான். தராசுக்குப் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தடுக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை.

"நீ என்னைவிட நல்லா பாயுத. எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா எடத்த விட்டுக் குடுக்க எனக்கு மனசு வரலலே. இன்னைக்கும் வரல. அதனால நீ போறதுதான் சரி."

அப்படிப் பேசுகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. ஊரில் எல்லாரும் விட்டுக்கொடுப்பதாகத்தான் பேசுவார்கள். சின்னவன் குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர், "ஏலே, கையில தவிடு அப்பும்" என்று காலை இழுத்துக்கொண்டார்.

அவன் செங்கோட்டைக்குப் போனான். அண்ணாச்சி எழுந்து நடமாடத் தொடங்கியதும், அந்தப் பயல் முகத்தில் இனி முழிக்கப்போவதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கண்டக்டர் மட்டும் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் செய்தி கொண்டுவருவார். "அங்கன உள்ளவங்க 'கொள்ளாம், கொள்ளாம்'ங்காங்க அண்ணாச்சி. மலையாளத்துல ரொம்ப நல்லாருக்குன்னு அர்த்தம்." அண்ணாச்சி கேளாதது போல் பாட்டில் கழுவுவார். கண்டக்டர் வராத நாளில் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சீசன் முடிவதற்குள் செங்கோட்டை டீம் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. நான் வழக்கமான இடத்துக்குப் போனேன். பெரியவர் கம்பங்களுக்கு நடுவே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவருமில்லை. சோடாப் பெட்டி எங்கே என்று தேடினால் எதிர்ப்பக்கம், சின்னவனின் கோலுக்குப் பின்னால் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"அங்கன வெயில் மூஞ்சில அடிக்கு" என்றார் அண்ணாச்சி. சாரல் தூறிக்கொண்டிருந்தது. குடை பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவர் பெட்டி இருக்கிற இடத்துக்குத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். என் முதலாளிகூட நின்றார். நானும் நின்றுவிட்டேன். எல்லாருக்கும் அவன் நிற்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நின்றான். எங்கள் ஃபார்வர்டு மூலைக்குத் தாழ அடித்ததை விழுந்து பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டபோது நாங்கள் போட்ட சத்தத்தில், அடித்தவன் திரும்பிப் பார்த்து, "நீங்கள்லாம் எந்த ஊருலே?" என்று கேட்டான். யாருக்கும் வெட்கமாக இல்லை. சின்னவன் பந்தை உதைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

இடைவேளையில் அவனோடு நாங்களும் பக்கம் மாறினோம். கொஞ்ச நேரத்தில் செங்கோட்டைக்காரன் ஒருவன் காற்றோடு அடித்த பந்து பெரியவரின் கையை உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது. பின்னால் மறிக்க ஆளில்லை. பந்து வரப்பைத் தாண்டி, வயலைத் தாண்டி உருண்டது. எல்லாரும் காத்திருக்க, அவரே வேட்டைநாய் போல் அதன் பின்னால் ஓடினார். எங்கள் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர் பந்து எடுக்க ஓடி நான் பார்த்ததில்லை. மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அவர் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். அதற்குள் அவர் திரும்பி வந்து நின்றிருந்தார். முழங்கால்வரை சேறு.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் செருமியதை வைத்தே ஆளைக் கண்டுகொண்டார்.

"அங்கன அவன் எப்படி நிக்கான்?"

"நல்லா நிக்கான்."

"வலது பக்கம் தாழ வாரத எடுக்கானா?"

"எடுத்துட்டான்."

உள்ளங்கையில் இருந்த சேற்றை டிரவுசரில் துடைத்துக்கொண்டார்.

"அப்பம் நீ எதுக்குலே இங்கன வந்த? போயி அதப் பாரு."

"பந்து எடுத்துப் போட ஆள் வேண்டாமா?"

"இனிமே ஒண்ணும் வராது" என்றார்.

நான் போகவில்லை. விசில் ஊதும்வரை அங்கேயே நின்றேன். என் கைக்கு ஒரு பந்துகூட வரவில்லை.