போனுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டு சாமி அலமாரியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு பழைய டச் போன் இருக்கிறது. அது வேலை செய்து பல வருஷம் ஆகிறது. காதில் வைத்துக் கேட்கிற சின்னக் கீற்றில் கொஞ்சம் சிவப்பு இன்னமும் ஒட்டியிருக்கிறது. விளக்கேற்றும்போது இன்றைக்கும் என் கண் முதலில் அதில்தான் போய் நிற்கும்.

அது என் கொழுந்தனாருடையது. டச் போன் எங்கள் திருக்கழுக்குன்றம் பக்கம் தலைகாட்டிய புதிதில் வாங்கினார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து கம்பெனியில் அவருக்கு வேலை. கல்பாக்கத்துக்கு பஸ் ஓட்டிய என் வீட்டுக்காரரிடம் பட்டன் போன். சாயங்காலமானால் இரண்டு பேருக்கும் அதே பேச்சுதான். ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்கும், கீழே விழுந்தால் தரைக்குத்தான் சேதம் என்பார் இவர். வழி காட்டும், மழை வருமா என்று சொல்லும், குழந்தையைப் படம் பிடிக்கும் என்பார் அவர். “உன் போன்ல பாம்பு கேம் ஆடிகினு கெட அண்ணாத்த” என்று கேலி வேறு. இவரும் விடமாட்டார். “மத்தியானத்துக்கு மேல செத்துப்பூடுது, ஈரக் கை பட்டா முழிக்குது. அத்த வுடு, என் நம்பர் உனக்கு மனப்பாடமா தெரியுமா?” என்பார். கொழுந்தனாருக்குத் தெரியாது. எல்லாம் போனுக்குள் இருந்தது. நான் தோசை ஊற்றிக்கொண்டே சிரிப்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, பைக் சாவி, பஸ் சாவி எல்லாவற்றோடும் அந்த போனையும் வாங்கி சாமி முன்னால் வைத்தேன். கண்ணாடிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமி. கற்பூரம் காட்டிவிட்டுக் கையில் கொடுக்கும்போது, “இன்னிக்கு ஒரு நாள் பொட்ட அழிக்காத தம்பி” என்றேன். அவரும் தலையாட்டினார். ஆறு வயசு என் மகளை பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்பினார்.

மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டது. காற்றோடு மழை. போன் பண்ணினேன். எடுத்துவிட்டார் என்று தெரிந்தது, ஆனால் குரல் வரவில்லை. உஸ்ஸென்று ஓர் இரைச்சல். “தம்பி, தம்பி” என்று கத்தினேன். அந்த இரைச்சல்தான் பதில். வைத்துவிட்டு மறுபடி பண்ணினேன். மறுபடியும் அதே. எனக்கு அது கடல் சத்தமாகவே கேட்டது. பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டாரா, அலை வந்துவிட்டதா, யாரோ போனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லத் தயங்குகிறார்களா என்று புத்தி எங்கெங்கோ ஓடியது. நாலாவது முறை ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. இரைச்சலாவது கேட்டதே என்று அதற்கும் அழுதேன். இவர் டூட்டியிலிருந்து வந்து, பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு மழையிலேயே தேடப் போனார். நான் வேதகிரீஸ்வரரை நினைத்து விளக்கை ஏற்றிவிட்டு, அது அணையாமல் கையைக் குவித்தபடி உட்கார்ந்திருந்தேன். கை சுட்டதுகூடத் தெரியவில்லை.

இருட்டுகிற நேரத்தில் மூவரும் வந்தார்கள். வண்டி பஞ்சர் ஆகி, ஆளில்லாத பஸ் நிழற்குடையில் நின்றிருந்திருக்கிறார்கள். என் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பேச ஆரம்பித்ததும் போன் கறுத்துப்போய், எதை அழுத்தினாலும் அசையவில்லையாம். பிறகு சார்ஜும் போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வழியில் ஒரு டீக்கடைக்காரர் தன் போனை நீட்டியும், அழைக்க ஒரு நம்பரும் ஞாபகமில்லை. இவர் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. கொழுந்தனார் தலைகுனிந்து நின்றார்.

மறுநாள் இவர் வேலைக்குப் போன பிறகு கொழுந்தனார் அடுப்படிக்கு வந்தார். கையில் அந்த போனும் ஓர் ஊசியும் இருந்தன. கீழே பேசுகிற துவாரத்திலிருந்து காய்ந்த சந்தனத்தைக் குத்தி எடுத்துக் காட்டினார். மேலே கீற்றின் பக்கத்தில் ஒரு கண் இருக்கிறதாம். அதை மூடினால், காதில் வைத்திருக்கிறோம் என்று நினைத்து போன் கண்ணாடியை அணைத்துவிடுமாம். என் பிள்ளையின் வாயை நானே அடைத்ததுபோல் இருந்தது.

“பொட்டு வெக்கிறது தப்பில்ல அண்ணி. அடுத்த வாட்டி பின்னால வெய்ங்க” என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம், “நீ சொன்னதுதான் நெஜம் அண்ணாத்த, இந்த போன் சரியில்ல” என்று சொல்லிவிட்டு, அதை என்னிடம் கொடுத்து பட்டன் போனுக்கு மாறிவிட்டார். இவர் அந்த வெற்றியை இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் வாய் திறந்ததில்லை.

என் மகள் இப்போது ஆபீசுக்குப் போகிறாள். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவள் போனைத் திருப்பி, பின்பக்கம் பொட்டு வைத்தேன். “எல்லாத்துக்கும் முன்னால வெக்கிற, இதுக்கு மட்டும் ஏம்மா?” என்று கேட்டாள். நான் குங்குமச் சிமிழை மூடினேன். “அதுக்குப் பின்னால வெச்சாத்தான் சாமிக்குப் புடிக்கும்” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தனார். அங்கேயே இருந்த என் வீட்டுக்காரர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவள் வண்டியில் போன பிறகு போன் அடித்தால், எடுத்ததும் ஒரு நொடி மௌனம் இருக்கும். “அம்மா” என்கிற குரல் வருகிறவரை எனக்கு அந்த இரைச்சல்தான் கேட்கிறது. அந்தப் பூஜையன்று அலமாரியிலிருந்த பழைய போனையும் எடுத்து, அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்தேன். கீற்றிலிருந்த சிவப்பை மட்டும் துடைக்கவில்லை.