காய்ந்த பூட்ஸ்

ஜோபிக் என்ற பெயரை நோல்வென் முதன்முதலில் கேட்டது 1974-இல், மத்தி மீன் டப்பா ஆலையின் கைகழுவும் தொட்டியருகே. பக்கத்தில் நின்று கை தேய்த்துக்கொண்டிருந்த அவளுடைய அக்கா சுவாசிக்தான் சொன்னாள்.

"நேத்து ஜோபிக்னு ஒருத்தனோட சாப்பிடப் போனேன். ஒரு சாப்பாட்டுக்குள்ள மூணு தடவை எழுந்துட்டான்டி."

"வயித்துக் கோளாறா?"

"இல்லடி. ஒரு தடவை ஜன்னலைத் திறக்க. ஒரு தடவை மூட. மூணாவது தடவை, ஏதோ ஒரு படத்துல ஒருத்தன் எப்படி ஜன்னலைத் திறந்தான்னு எனக்கு நடிச்சுக் காட்ட."

விசாரித்துப் பார்த்தால் ஆள் அந்நியமில்லை. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா மரி-ஜோ, முதல் புருஷன் கடலோடு போனபின் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டாளே ஒரு படகுக்காரர், அவருடைய தம்பி மகன். பிரான்ஸின் லோரியாங் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் வேலை. விடியுமுன் போய் முற்பகலில் வந்துவிடுவார். மிச்சப் பொழுதெல்லாம் சினிமாதான். அடுத்த வருஷம் சுவாசிக்கைக் கட்டிக்கொண்டார். கல்யாண விருந்திலும் அவர் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

துறைமுகத்துத் தொழிலாளர் மன்றத்தில் ஒரு சினிமா சங்கம் உண்டு. சனிக்கிழமை மூன்று மணிக்குப் படம், முடிந்ததும் சைடர் என்னும் ஆப்பிள் மதுவும் சண்டையும். ஜோபிக் அக்கா தங்கை இரண்டு பேரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். சுவாசிக் இருட்டினால் தூங்கிவிடுவாள். நோல்வென்னுக்குக் கை நிதானம் என்று படம் ஓட்டும் மெஷினை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே மெஷின். ஒரு சுருள் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த சுருளை மாட்ட வேண்டும். அந்த ஐந்து நிமிஷமும் ஜோபிக் நடைபாதையில் மேலும் கீழும் நடப்பார். படம் ஓடும்போதும் மூன்றாவது வரிசை ஓர இருக்கையில் ஒரு கால் வெளியேதான் கிடக்கும்.

சங்கத்து வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அதில் பத்துப் படங்களின் பெயர். உலகத்தில் இதுவரை வந்தவற்றில் தலைசிறந்த பத்து என்று அவர்கள் முடிவு கட்டியவை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை பலகையைச் சுரண்டிப் புதிதாக எழுதுவார்கள். ஓட்டுப் போடுவது சிப்பி ஓட்டால். ஏலக்கூடத்திலிருந்து ஜோபிக் ஒரு வாளி சிப்பி ஓடு கொண்டுவருவார். ஆளுக்கொன்று. படம் பலகைக்குத் தகும் என்றால் முன்னால் வைத்திருக்கும் எனாமல் தொட்டியில் எறியலாம். தகாது என்றால் ஓடு கையிலேயே இருக்கும். யார் எறிந்தார், யார் எறியவில்லை என்று ஊருக்கே கேட்கும். அந்தச் சத்தத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் இரண்டு உண்டு. ஒரு விதி மட்டும் கறார். கடைசிப் பத்து வருஷத்துக்குள் மன்றத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்காத படத்துக்குப் பலகையில் இடமில்லை.

1981 பிப்ரவரியில் ஒரு ஹாலந்துப் படம் வந்தது. 'ஏழாம் மதகு' என்று பெயர். நான்கு டப்பா, டப்பாவுக்கு ஒரு சுருள். மதகைக் காக்கும் ஒரு விதவை. அவள் புருஷன் சாகக் காரணமாக இருந்த பக்கத்து நிலத்துக்காரன். பேச்சு அதிகமில்லை. முதல் சுருளில் அவன் செய்தது அவளுக்குத் தெரியவருகிறது. அடுத்ததில் அவள் மதகைத் திறந்து அவன் நிலத்தையெல்லாம் மூழ்கடிக்கிறாள். இடுப்பளவு தண்ணீரில் அவன் நிற்கிறான். அதற்கடுத்த சுருளில் அவன் அவள் வீட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணத்தில் சூப் ஊற்றி அவன் முன்னால் நகர்த்துகிறாள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டாள் நோல்வென். சுருள்களைத் திருப்பிச் சுற்றும்போதுதான் சுருளின் தொடக்கத்தில் கீறியிருந்த எண்ணைப் பார்த்தாள். இரண்டாம் டப்பாவில் இருந்தது மூன்றாம் சுருள். மூன்றாம் டப்பாவில் இருந்தது இரண்டாம் சுருள். முன்னால் ஓட்டிய ஊர்க்காரர்கள் டப்பாவை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மாட்டுமுன் எண்ணைப் பார்ப்பதுதான் வழக்கம். அன்றைக்கு ஆலையில் இரட்டை வேலை, அவசரத்தில் பார்க்கவில்லை. சூப் முதலில், வெள்ளம் பிறகு. அதுதான் உண்மையான படம்.

சொல்லிவிடலாம் என்று மெஷின் அறையிலிருந்து கீழே இறங்கி வந்தாள். ஜோபிக் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் உள்ளே. மற்றவர்கள் எழுந்து சைடர் ஊற்றிக்கொண்டிருக்க, அவர் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். ஏழு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததேயில்லை.

"முழுகடிச்சுட்டா, மச்சினி," என்றார் மெதுவாக. "எல்லாத்தையும் முடிச்சுட்டா. அதுக்கப்புறமும் உக்காத்தி வச்சு சூப் ஊத்துறா. ஜெயிச்சப்புறம் மன்னிக்கிறவளை நீ பாத்திருக்கியா?"

நோல்வென் மேலே போய்ச் சுருள்களை டப்பாவில் அடைத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. அடுத்த வாரமே ஜோபிக் சங்கத்துத் தாளில் நான்கு பக்கம் எழுதிவிட்டார். கட்டுரையின் பெயர் 'காய்ந்த பூட்ஸ்'. அதற்குக் காரணம் தாங்கி என்பவர். தாங்கி சங்கத்து ஆள், பள்ளியில் வேதியியல் வாத்தியார், ரொட்டிக்கடை எலியெட் பெரியம்மாவின் மூத்த மருமகன், எதையும் நிரூபித்தால்தான் நம்புவார். அவரும் ஜோபிக்கும் நாற்பது வருஷமாக ஒருவரையொருவர் 'நீங்க' என்று மரியாதையாகவே திட்டிக்கொண்டவர்கள்.

"இடுப்பளவு தண்ணியில நின்னவன் அடுத்த சீன்ல வர்றான், பூட்ஸ் காஞ்சு கிடக்கு," என்றார் தாங்கி. "இதுக்கு என்ன சொல்றீங்க? டைரக்டர் தூங்கிட்டாரா?"

"உடுப்பு மாத்திக்கிட்டு வந்திருக்கான் வாத்தியாரே. மன்னிப்புக் கேக்கப் போறவன் ஈரக்காலோட போவானா? இருக்கிற ஒரே நல்ல பூட்ஸை மாட்டிக்கிட்டு வர்றான். உங்களுக்கு அது புரியாது. நீங்க மன்னிப்புக் கேட்டதே கிடையாது."

1989-இல் பலகையை மாற்றும்போது இரண்டு சிப்பி குறைந்து ஜோபிக் தோற்றார். அதற்கப்புறம் அந்தப் படத்தின் பிரதியே எங்கும் கிடைக்கவில்லை. 1999-இலும் 2009-இலும் விதியைக் காட்டி வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். ஜோபிக் திரைப்படக் காப்பகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் காலையில் ஏலக்கூடத்துக்குப் போவதை விடவில்லை. அங்கே மீன் வாங்க வருகிறவனிடமும் பூட்ஸைப் பற்றித்தான் பேச்சு. வெள்ளிதோறும் பழைய செய்தித்தாளில் நாலு கானாங்கெளுத்தி மீன் சுற்றி மச்சினி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். அந்தப் பொட்டலத்தை எடுக்கும்போதெல்லாம் நோல்வென்னுக்கு மெஷின் அறை ஞாபகம் வரும்.

2019 வசந்தத்தில் சுவாசிக் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஹாலந்துக்காரங்க அந்தப் படத்தைச் சுத்தம் பண்ணிப் புதுசா அனுப்பியிருக்காங்களாம். வர்ற சனிக்கிழமை போடுறாங்க. ஒம்பது படம் முடிவாயிடுச்சு, பத்தாவது இடம் இதுக்கா இல்லையான்னு அன்னைக்கே சிப்பி. உன் மச்சான் ரெண்டு நாளா சாப்பிடல. கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுறார். எழுபத்தோரு வயசு, வெக்கமே இல்ல."

நோல்வென் தொலைபேசியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். படத்துக்கு முன்னால் முன்மொழிந்தவர் எழுந்து ஐந்து நிமிஷம் பேசுவது முறை. அவர் என்ன பேசுவார் என்று ஊருக்கே தெரியும். வெள்ளம், பிறகு சூப், காய்ந்த பூட்ஸ். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் இருபத்திரண்டு பேர் முன்னால் திரையே அவரைப் பொய்யாக்கும். தாங்கி ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, சிரித்தால் போதும்.

திங்களன்று அவர்கள் வீட்டுப் படி வரைக்கும் போய்த் திரும்பினாள். புதனன்று உள்ளேயே போனாள். ஜோபிக் காபி ஊற்றிக்கொண்டே பேச்சை ஒப்பித்துக் காட்டினார், ஊற்றிய காபியைக் குடிக்க மறந்தார், அவள் வெண்ணெய் கேக்கை மட்டும் தின்றுவிட்டு வந்தாள். வெள்ளியன்று கானாங்கெளுத்தி வந்தது. அதை நறுக்கவே மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏலக்கூடத்துக்கு எதிர்க் காபிக்கடையில் அவரைப் பிடித்தாள். காலடியில் சிப்பி வாளி.

"ஜோபிக், உக்காரு."

"நின்னாத்தான் எனக்குக் காது கேக்கும், சொல்லு."

"சூப்தான் முதல்ல வருது. வெள்ளம் அப்புறம்தான். அன்னைக்கு டப்பா மாறிப்போயிருந்துச்சு. நான் எண்ணைப் பாக்காம மாட்டிட்டேன்."

அவர் கோப்பையை மேஜையில் வைத்தார். திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேன்னா?"

"நீ உக்காந்திருந்தியே, அப்ப. சொல்லத்தான் கீழ வந்தேன்."

"முப்பத்தெட்டு வருஷம்," என்றார் ஜோபிக். "முப்பத்தெட்டு வருஷமா நான் அந்த ஆளுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க."

மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் கூப்பிட்டும் திரும்பவில்லை.

மூன்று மணிக்கு மன்றம் நிறைந்துவிட்டது. ஜோபிக் வருவாரா என்றே நோல்வென்னுக்குத் தெரியவில்லை. வந்தார். ஆளுக்கொரு சிப்பி கொடுத்துக்கொண்டே வந்தவர், அவள் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் போய் நின்றார். தாங்கி கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரே," என்றார் ஜோபிக். "பூட்ஸ் எப்படிக் காஞ்சுதுன்னு முப்பத்தெட்டு வருஷமா கேட்டீங்க. இப்ப சொல்றேன். அது இன்னும் நனையவே இல்ல."

யாருக்கும் புரியவில்லை.

"அன்னைக்கு நாம பாத்தது சுருள் மாறிப்போன படம். நான் எழுதினது, பேசினது, சண்டை போட்டது எல்லாம் இல்லாத ஒரு படத்துக்கு. இருக்கிற படத்தை நானும் உங்களோடதான் முதல் தடவையா பாக்கப் போறேன். அவ்வளவுதான்."

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒருவர் மூச்சு வாங்கச் சிரித்தார். "யாரு மாத்தினா?" என்று யாரோ கேட்டார்கள். நோல்வென் எழப்போனாள்.

"டப்பா மாறியிருந்துச்சு," என்றார் ஜோபிக். "டப்பாவை யாரு நிக்க வச்சுக் கேள்வி கேக்கிறது. விளக்கை அணைங்க."

படம் ஓடியது. அவன் காய்ந்த பூட்ஸோடு வந்தான், ஒப்புக்கொண்டான். அவள் சூப் ஊற்றினாள். அவள் மன்னித்துவிட்டதாக எண்ணி அவன் நிம்மதியாகக் குடித்தான். மறுநாள் அவள் மதகைத் திறந்தாள். சிரித்தவர்களெல்லாம் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார்கள். ஜோபிக்கின் கால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு முறை எழுந்து கதவு வரை போய் வந்தார்.

விளக்கு வந்ததும் முதல் ஆளாகத் தாங்கிதான் எழுந்தார். தொட்டிக்குப் போய்ச் சிப்பியை எறிந்தார்.

"இது படம்," என்றார். "இதை நீங்க முன்னாடியே காட்டியிருந்தா எப்பவோ போட்டிருப்பேன்."

ஒவ்வொன்றாக விழுந்தன. பதினாறு. பத்தாவது இடம் கிடைத்துவிட்டது. நோல்வென் தன் சிப்பியை எறியவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஜோபிக்கும் எறியவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைடர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

"உங்க படம்தானே ஜெயிச்சிருக்கு, எங்க போறீங்க?" என்றார் தாங்கி.

"என் படம் ஜெயிக்கல வாத்தியாரே. உங்க படம் ஜெயிச்சிருக்கு. பலகையில நல்லா எழுதுங்க, எழுத்துப் பிழை இல்லாம."

அடுத்த வெள்ளி மீன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும். ஐந்து வாரம் ஆயிற்று. சுவாசிக் தொலைபேசியில் பொருமினாள்.

"ஒரு மனுஷன் வீட்டுக்குள்ளயே இப்படி நடந்தா தரை என்னத்துக்கு ஆகும்? கீழ் வீட்டுக்காரி குச்சியால கூரையைத் தட்டுறா. நீ ஆரம்பிச்சு வச்சது, நீயே வந்து முடி."

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

"அவர் வரமாட்டார்."

"சூப் வச்சிருக்கேன்னு சொல்லு."

வந்தார்கள். ஜோபிக் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டார். நோல்வென் தொலைக்காட்சியைப் போட்டாள். ஹாலந்துக்காரர்களுக்கு எழுதிப் படத்தின் டிவிடி ஒன்று வரவழைத்திருந்தாள். முதல் இருபது நிமிஷம் ஓடியதும், கையில் வைத்திருந்த காகிதத்தில் குறித்திருந்த நிமிஷத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கிப் படத்தைத் தாண்டவிட்டாள். மதகு திறந்தது. தண்ணீர் வந்தது. அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். வெள்ளம் முடிந்ததும் பின்னுக்கு ஓட்டினாள். கதவு தட்டும் சத்தம். மேஜை.

சுவாசிக் அதற்குள் தூங்கிவிட்டாள். ஜோபிக் எப்போது உட்கார்ந்தார் என்று நோல்வென் கவனிக்கவில்லை. சூப் கிண்ணம் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தாள், உட்கார்ந்திருந்தார்.

"பாரு," என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "நல்ல பூட்ஸா பாத்து மாட்டிக்கிட்டு வந்திருக்கான்."

"ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் நீ."

"ஆமா."

"சொல்லியிருந்தா இது எனக்குக் கிடைச்சிருக்காது. அதுவும் இருக்கு." திரையில் அவன் கரண்டியை எடுத்ததும், "ஆனாலும் சொல்லியிருக்கணும்," என்றார்.

அந்த வெள்ளி கானாங்கெளுத்தி வந்தது. நாலுக்குப் பதில் இரண்டு. மிச்ச இரண்டைத் திரும்பத் தர அவருக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

பலகையில் பத்தாவதாக அந்தப் பெயர் இருக்கிறது. 2029-இல் அதை எடுத்துவிட வேண்டும் என்று ஜோபிக் இப்போதே ஆள் சேர்க்கிறார். காக்க வேண்டும் என்று தாங்கி ஆள் சேர்க்கிறார். ஜோபிக் ஏலக்கூடத்துக்குப் பின் தெருவில் மூன்றாம் மாடியில் சுவாசிக்கோடு இருக்கிறார். முட்டி தேய்ந்து கைத்தடி வந்துவிட்டது. எறியாத சிப்பி சமையலறை ஜன்னலில் கிடக்கிறது. சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் மூன்றாவது வரிசை ஓர இருக்கையில் இருப்பார்.