அம்பத்தூரிலிருந்து கடல் தெரியும்

சொகுசு விடுதித் தொழிலில் கட்டிலுக்கு விலை கொஞ்சம்; ஜன்னலுக்குத்தான் அதிகம். தொலைபேசியில் பேசியே பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐந்தே அறைகள் கொண்ட ஒரு விடுதிக்கு நான் அறை பதிவு செய்கிறேன். விடுதி கடலோரம். பதிவு அலுவலகமும் நானும் அம்பத்தூரில், ரயில் பாதையை ஒட்டிய மாடியில். விடுதியை நான் பார்த்ததே இல்லை.

"மேடம், கடல் முன்னாடி உக்காந்திருக்கிற மாதிரியே பேசணும். இல்லைன்னு ஒரு கெஸ்ட்டுக்குத் தெரிஞ்சாலும் இந்த ஆபீஸை மூடிடுவாங்க" என்று மேலாளர் கிருபா முதல் நாளே சொல்லிவிட்டார். மூடினால் சம்பளம் போவது இருக்கட்டும். கணவர் போன பிறகு, பகலில் என்னோடு பேசுகிறவர்கள் இந்த வாடிக்கையாளர்கள் மட்டும்தான்.

அலை

கிருபா என் மேசைமேல் ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்தார். அதில் நாள் முழுக்க அலை அடிக்கும். பதிவு செய்த அலை, களைப்பே கிடையாது. முகப்பேரிலிருந்து பேசிய ஒருவர் 'என்ன, என்ன' என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனார்: "மேடம், அந்தக் கடலைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. நீங்க சொல்றது ஒண்ணுமே கேக்கல."

நெய்தல்

ஐந்து அறைக்கும் ஐந்திணைப் பெயர். தேனிலவுக்காரர்கள் எல்லாரும் கடல் பார்த்த 'நெய்தல்' அறையைத்தான் கேட்பார்கள். கூடலுக்குக் குறிஞ்சி, இரங்கி அழுவதற்கு நெய்தல் என்று கல்லூரியில் படித்தவள் நான். ஆனால் குறிஞ்சியின் ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கிறது, எப்படிச் சொல்வது? "நெய்தல்னா என்ன மேடம்?" என்ற புதுமாப்பிள்ளையிடம் "கடல்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். போய்வந்தபின் அவரே கூப்பிட்டார்: "ரூம் சூப்பர் மேடம். ஆனா ரெண்டு நாளும் இவ அலையப் பாத்து அழுதுகிட்டே இருந்தா. அம்மா ஞாபகமாம்."

மழை

"அங்க மழை இருக்கா?" என்றது ஒரு பெண் குரல். நான் என் ஜன்னலைப் பார்த்தேன். எதிர் மொட்டை மாடியில் யாரோ வடகம் காயவைத்திருந்தார்கள். "பொன் போல வெயில்" என்றேன், கொஞ்சம் அழகாகவே. "நான் உங்க ரூமுக்குள்ள இருந்துதாம்மா பேசறேன். ஜன்னல் வழியா தண்ணி உள்ள வருது."

ரயில்

அந்தப் புகாரைச் சமாளித்த கிருபா, அடுத்தது வந்தால் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே வேப்பம்பட்டிலிருந்து ஓர் அம்மாள் பேசினார். அவர் கணவர் ஆவடி ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெறுகிறார். கடலோரம் ஒரு நாள் தங்க ஆசையாம். நான் விடியற்காலைக் கடலை வர்ணித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனது. கடல் நின்றது. வெளியே நிலையத்தில் ஒலிபெருக்கி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கித் திருவள்ளூர் வண்டியை அறிவித்தது.

"யக்கா, அது எங்க வண்டியாச்சே! நீ இன்னா, அம்பத்தூர்லியா கீற?"

இனி என்ன வர்ணனை! "ஆமாம்மா. அந்தக் கடலை நான் பார்த்ததுகூட இல்லை" என்றேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

"அட, இதுக்கு ஏன் குரலு இப்டி கம்முது? ரூமப் போடு. நா பாத்துகினு வந்து சொல்றேன்."

சொன்னபடியே கூப்பிட்டார். புகார் எதுவும் போகவில்லை. என் நாற்காலியும் போகவில்லை. "கடலு ஷோக்காதான் கீதுக்கா. ஆனா ராவெல்லாம் ஒரே சத்தம். நம்ம ரயிலே தேவல."

அன்றிலிருந்து யார் கேட்டாலும், இரவில் கடல் கொஞ்சம் சத்தம் போடும் என்று சொல்லித்தான் அறை விற்கிறேன். இந்தத் தொழிலில் நான் சொல்லும் ஒரே உண்மை, அதுவும் கேள்விப்பட்டது.