பீமனுக்கு ஒரு வாய்

1. காலையில் வந்த போன்

நாமக்கல் பக்கத்தில் கோழி டாக்டராக இருப்பவர்கள் காலை போனுக்குப் பயப்படப் பழக வேண்டும். நல்ல செய்தி சொல்ல எந்தப் பண்ணைக்காரரும் டிபனுக்கு முன்னால் கூப்பிடுவதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டவர் நல்லசாமி. மோகனூர் ரோட்டில் முட்டைக்கோழிப் பண்ணையும், கூடவே சின்னதாக ஒரு தீவன மில்லும் வைத்திருப்பவர்.

"டாக்டரம்மா, உடனே வரோணுங்க. கழிச்சலுங்க. நேத்திருந்து நிக்கவே இல்லீங்க."

கழிச்சல் என்று கேட்டுவிட்டால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் விழாது. வெள்ளைக்கழிச்சல் நோய் நுழைந்து சில நாளில் காலியான கோழி ஷெட்டை நான் பார்த்திருக்கிறேன். தட்டில் இருந்த இட்லியை அப்படியே விட்டுவிட்டு, போஸ்ட்மார்ட்டம் பெட்டி, ஐஸ் பெட்டி, கம் பூட் எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு பறந்தேன். பண்ணை வாசலில் கால் நனைக்கும் மருந்துத் தொட்டியில் நின்றபடியே, "எந்த ஷெட்டு?" என்று கேட்டேன்.

"ஷெட்டு இல்லீங்க. இவந்தானுங்க" என்றார் நல்லசாமி.

அவர் காட்டிய இடத்தில் ஒரு நாய் நின்றிருந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு ஜாதி. விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வாலை மட்டும் மரியாதைக்கு இரண்டு முறை ஆட்டியது. பெயர் என்ன என்று கேட்டேன்.

"பீமனுங்க" என்றார், சிரிக்காமல்.

நான் தீவனக் கம்பெனி ஒன்றில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது சில பண்ணைகளுக்கு ஆலோசகர். கல்லூரியை விட்டு வந்த பிறகு நாய்க்கு ஊசி போட்டதே இல்லை. அதைச் சொன்னேன். "லட்சக்கணக்குல கோழிக்கு எடை ஏத்தறீங்க. ஒத்தை நாய்க்கு ஏத்த முடியாதுங்களா?" என்று கேட்டார். சரி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். பசியோடு இருக்கும்போது எனக்கு வாதாட வராது.

2. வாசலில் நிற்கும் விளம்பரம்

நல்லசாமிக்கு நாயின் உடம்பைவிட மில்லின் பெயர்தான் கவலை என்பது டீ வருவதற்குள் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, நம்ம மில்லுத் தீவனத்த அக்கம்பக்கத்துப் பண்ணைக்கும் குடுக்கறமுங்க. வாங்க வாரவன் மொதல்ல இவனத்தான் பாக்கறான். வாசல்லயே எலும்பும் தோலுமா ஒண்ணு நின்னா, தீவனத்தப் பத்தி என்னன்னு நெனைப்பான்?"

தீவனம் தின்று முட்டை தராத கோழியைக் கழித்துவிடுவது பண்ணை வழக்கம். அதில் யாரும் கண் கலங்குவதில்லை. அதே கணக்கை அவர் நாய்க்கும் போட்டு வைத்திருந்தார். பொங்கலுக்குள் பீமன் தேறாவிட்டால் சேலம் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முடிவு.

டீ கொண்டுவந்த அவர் மனைவி சரோஜா நின்றுவிட்டார்.

"என் தம்பிதானுங்க. நல்லவந்தான். ஆனா அங்க வாசலே இல்லீங்க, சந்துல ஊடு. நாள் முச்சூடும் சங்கிலியில கெடக்கோணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பசங்க ரெண்டு பேரும் வெளியூருங்க. நான் வாயத் தொறந்து பேசறதே இவங்கிட்டத்தான். எப்படியாச்சும் தேத்திக் குடுங்க டாக்டரம்மா" என்றார். பீமனைப் பார்த்து, "இல்லீங்களா சாமி?" என்று கேட்டார். பீமன் ஆமாம் என்பதைப் போலக் கொட்டாவி விட்டது.

இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. காலையில் கறந்த பால். மத்தியானம் ராசிபுரத்து நெய் விட்ட சோறு. முட்டையைத் தரம் பிரிக்கும் கிரேடிங் ரூமில் ஒதுக்கும் உடைசல் முட்டை, பச்சையாக, எவ்வளவு வேண்டுமானாலும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு. இதெல்லாம் ஏறவில்லை என்றதும் நல்லசாமி தன் பங்குக்குக் கோழிக்குக் கொடுக்கும் லிவர் டானிக்கைத் தண்ணீரில் கலந்திருக்கிறார். கொஞ்ச நாள் முட்டைக்கோழித் தீவனமான லேயர் மாஷையும் சோற்றில் பிசைந்து வைத்திருக்கிறார். முட்டை ஓடு கெட்டியாவதற்காக அதில் சுண்ணாம்புக் கல் சேர்த்திருக்கும். பீமன் முட்டையிடும் உத்தேசத்தில் இல்லை என்பதை எடுத்துச் சொன்னேன்.

வயிறு தாங்காமல் கழியும். கழிந்தால் இளைக்கும். இளைத்தால் இன்னும் சத்தாகப் போடுவார்கள். இன்னும் கழியும். அன்பாலேயே ஒரு நாயைப் பட்டினி போட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

3. புது ரேஷன்

என் கூடப் படித்தவர் ஒருவர் சேலத்தில் நாய், பூனைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறார். பீமனை அவரிடம் அனுப்பினேன். ரத்தம், மலம் எல்லாம் பார்த்தார். கொக்கிப்புழு இருந்தது, மருந்து கொடுத்தார். பெரிய வியாதி எதுவும் இல்லை, வயிறு மட்டும் தொட்டாற்சுருங்கி என்றார்.

குழைய வேகவைத்த அரிசி, தோல் நீக்கி அவித்த கோழிக்கறி, கொஞ்சம் பூசணிக்காய். பால், நெய், உப்பு, மசாலா கிடையாது. ஒரே வேளையில் கொட்டாமல் நாளைக்கு நாலைந்து தடவை சிறிது சிறிதாக. வயிறு நின்ற பிறகுதான் அளவைக் கூட்ட வேண்டும். தீவனக்காரர்கள் பாஷையில், இதுதான் புது ரேஷன்.

நல்லசாமிக்கு இது உடனே புரிந்தது. தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் கோழி முட்டையைக் குறைத்துவிடும் என்பது அவருக்கு அத்துப்படி. "பழசையும் புதுசையும் கலந்து மெதுவா மாத்தோணும். அதானுங்களே?" என்றார். மில்லின் எடைமேடையில் வாராவாரம் எடை போடச் சொன்னேன். பீமன் தனியாக நிற்க மறுத்ததால், நல்லசாமி அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தான் மட்டும் ஏறி, கழித்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

சில நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் கழிச்சல். நின்றது. மறுபடியும் வந்தது. எடை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பொங்கலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஒவ்வொரு முறை நான் போகும்போதும் சரோஜா என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

4. சோறு வேறு, வாய் வேறு

ஒருநாள் எல்லோரையும் நிற்க வைத்து விசாரித்தேன். பண்ணையில் நோய் எப்படி நுழைந்தது என்று விசாரிக்கும் அதே தோரணைதான். யாராவது இவனுக்கு வேறு ஏதாவது போடுகிறீர்களா?

ஒருவர் விடாமல் இல்லை என்றார்கள். கிரேடிங் ரூம் பாப்பாத்தி தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டும் சேகர், அதற்கும் ஒரு படி மேலே போய், லாரி ஸ்டியரிங் மேல் சத்தியம் செய்தான். எனக்கு மண்டை காய்ந்தது.

மத்தியானம் அங்கேயே சாப்பிட உட்கார்ந்தேன். பாப்பாத்தி எதிரே டிபன் பாக்ஸைத் திறந்தார். பீமன் எங்கிருந்தோ வந்து, நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பார்த்தது. பாப்பாத்தி புளிச்சோற்றில் ஒரு கவளம் உருட்டி அதன் பக்கம் வீசிவிட்டுத்தான் தன் வாயில் வைத்தார்.

"ஏம்மா, இப்பத்தானே பிள்ளை மேல சத்தியம் பண்ணின?"

பாப்பாத்திக்கு நான் கேட்டதே புரியவில்லை. "சோறு போடலீங்களே. ஒரு வாய்தானுங்க. அது பாத்துக்கிட்டே இருக்கறப்போ திங்கலாமுங்களா? கண்ணு பட்டு நமக்கு வயித்து வலி வந்துருமுங்க. அதுலயும் இது எளச்ச நாயி. பார்வை பொல்லாதது."

சேகரிடம் கேட்டேன். அவனும் புரோட்டாவில் ஒரு வாய். சரோஜா, தோசையில் ஒரு வாய். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய கணக்கில் சோறு வேறு, வாய் வேறு. ஆக, அந்தப் பண்ணையில் இருக்கும் எல்லோருடைய வயிற்றையும் காப்பாற்றும் பொறுப்பைப் பீமனின் வயிறு ஒண்டியாகச் சுமந்துகொண்டிருந்தது. அது இளைக்க இளைக்கப் பார்வை பொல்லாததாகும். வாய் கூடும்.

பார்த்தால் ஒன்றும் வராது என்று பிரசங்கம் செய்ய வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். பண்ணை அனுபவத்தில் ஒன்று தெரியும். ஆட்களின் நம்பிக்கையை மாற்றுவதைவிட ரேஷனை மாற்றுவது சுலபம்.

சாப்பிடும் இடத்தில் ஒரு மூடி போட்ட டப்பா வைக்கச் சொன்னேன். அதில் பீமனின் அரிசி, கறி, பூசணி. யார் சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு வாய் கொடுக்கட்டும், ஆனால் அந்த டப்பாவிலிருந்துதான். "இதுவும் பயோசெக்யூரிட்டி. கால் நனைக்காம ஷெட்டுக்குள்ள போவீங்களா? அந்த மாதிரி" என்றேன். நோய் நுழையாமல் காக்கும் கட்டுப்பாடு என்ற அந்தச் சொல்லுக்கு நாமக்கல்லில் கோயில் கட்டளைக்கு உள்ள மரியாதை உண்டு. பாப்பாத்தி மட்டும் யோசித்தார்.

"அது சோத்தையே அதுக்குக் குடுத்தா கண்ணு கழியுங்களா?"

"உன் கையால குடுக்கறதானே? கழியும்" என்றேன். கால்நடை மருத்துவத்தில் நான் கொடுத்த தீர்ப்புகளில் புத்தக ஆதாரமே இல்லாதது அது ஒன்றுதான். ஆனால், சிறிது சிறிதாகப் பல தடவை என்று சேலத்து டாக்டர் கேட்ட ரேஷன் அன்றிலிருந்து கேட்டபடி நடந்தது.

5. கடலைப் பருப்பு சாட்சி

பீமன் தேறத் தொடங்கியது. முடியில் பளபளப்பு வந்தது. ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வயிறு இளகியது. டப்பாவைத் தவிர யாரும் எதுவும் தரவில்லை என்று இந்த முறை நானே நம்பினேன்.

கோழி எச்சத்தைப் பார்த்து நோய் சொல்வது எங்கள் பிழைப்பு. அந்தக் காலையில் குச்சியை எடுத்துக்கொண்டு பீமனின் பின்னால் போனேன். தீவன குடோன் ஓரத்தில் கிடைத்தது. உள்ளே செரிக்காத நிலக்கடலைப் பருப்பு, பாதி பாதியாக. வெல்லப் பாகு ஒட்டியதுபோல் இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

சரோஜாவும் நல்லசாமியும் நின்றிருந்தார்கள். காட்டினேன்.

"கடலை மிட்டாயாட்டம் இருக்குதுங்களே" என்றார் சரோஜா. "இவருக்குச் சர்க்கரை வந்ததுலருந்து நான் எங்கூட்டுக்குள்ள மிட்டாயே வாங்கறதில்லீங்க." சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினார்.

நல்லசாமி குடோன் கூரையில் ஏதோ ஓட்டை இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க" என்றார் சரோஜா. அந்த ஒரு சொல்லுக்கு மேல் தேவைப்படவில்லை.

"எப்பாச்சும் ஒண்ணு" என்றார் அவர். "மக்காச்சோள மூட்டைக்குப் பொறத்தால ஒக்காந்து. இவன் வந்து பாத்துக்கிட்டே நிக்கறான். ஒரு வாய் குடுக்காம எப்படித் திங்கறது?"

மில்லின் மானத்துக்காக நாயை ஊரைவிட்டு அனுப்பத் துணிந்தவர், அந்த நாயின் வயிற்றைக் கெடுத்த கடைசி ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது. சரோஜாவின் கண் கலங்கியிருந்தது. அது நாய்க்காகவா, கணவருடைய சர்க்கரைக்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும்தான் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து டப்பா இரண்டானது. ஒன்றில் பீமனின் ரேஷன், இன்னொன்றில் நல்லசாமிக்கு அவித்த சுண்டல். இரண்டும் சரோஜாவின் கட்டுப்பாட்டில். அடுத்த சில வாரங்களில் மில்லில் ஒரு புகார் எழுந்தது. எடைமேடை ரிப்பேர் என்றார் பாப்பாத்தி. மொதலாளி நாயோடு ஏறினால் வாராவாரம் ஒரே எடைதான் காட்டுகிறதாம். தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடை சரியாகத்தான் இருந்தது. ஒருவர் ஏறிய அளவுக்கு மற்றவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

6. பொங்கல்

மாட்டுப் பொங்கல் அன்று சரோஜாவின் தம்பி பேச்சுப்படி வந்துவிட்டார், கையில் புதுச் சங்கிலியோடு. விருந்துக்கு அழைத்திருந்ததால் நானும் அங்கே இருந்தேன். விலா எலும்பு மூடி, இடுப்பு நிரம்பி, பெயருக்குப் பாதியளவாவது நியாயம் செய்துகொண்டு பீமன் வாசலில் நின்றது. இவ்வளவு நல்ல நாய் சும்மா கிடைக்கிறதே என்று தம்பிக்கு வாயெல்லாம் பல். தேறினால் இங்கே, தேறாவிட்டால் அங்கே என்ற ஒப்பந்தத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சரோஜா கணவரைப் பார்த்தபடி நின்றார்.

நல்லசாமி மடியில் சுண்டல் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். பீமனின் டப்பாவைத் திறந்து ஒரு கை எடுத்து அதற்கு வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு தன் சுண்டலை வாயில் போட்டார்.

"சங்கிலிய நீயே வெச்சுக்க மாப்ள" என்றார். "இவன் போயிட்டா நான் யாரப் பாத்துச் சாப்படறது? பசங்களும் இல்ல. தனியாத் தின்னா எறங்க மாட்டேங்குது."

சரோஜா உள்ளே போய்த் தம்பிக்கு இலை போட்டார். போடும்போது வழக்கத்தைவிட ஒரு கரண்டி பொங்கல் அதிகமாக விழுந்தது.

போன வாரம் தீவனம் பார்க்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, "நாய்க்கு என்னங்க போடறீங்க, இப்படி இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். நம்ம மில்லுத் தீவனந்தான் என்று நல்லசாமி கூசாமல் சொல்லி ஒரு லோடு விற்றுவிட்டார். அதைத் திருத்துவது என் வேலையில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எடை ஏறாத பிராணியைக் கண்டால் அது என்ன தின்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள், அதன் எதிரில் யாரெல்லாம் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஏன் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்து.