பங்குனி முடிவதற்குள்

அடுப்படியில் உரல் இடிபடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இடிக்கும் கட்டிலில் படுத்திருந்த அன்னக்கொடியின் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போதுதான் வந்து அவள் வயிற்றில் கை வைத்த நர்சு சுருளியம்மாளின் உள்ளங்கையில் அந்த நடுக்கம் ஏறியது.

"என்ன தாயி இடிக்கிறாங்க?"

"மருந்து, நர்சம்மா." அன்னக்கொடி முணுமுணுத்தாள். "சித்திரையில பிள்ளை பிறந்தா குடும்பத்துக்கு ஆகாதாம். பங்குனிக்குள்ள வலி வரவைக்கணும்னு அத்தை போடிமெட்டுல இருந்து வேரு கொண்டாந்திருக்கு. குடிச்சா நான் பிழைப்பனா?"

சுருளியம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். பொட்டிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மறு வருஷம் அவளுக்கும் இப்படித்தான் வேரை இடித்துக் கொடுத்தார்கள். பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது, அழவே இல்லை. இனி இவளுக்குப் பிள்ளையே கிடையாது என்றானதும் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அழுது தீர்ந்த கண்களோடு மதுரைக்கு ரயிலேறிப் பிரசவம் பார்க்கப் படித்து வந்தவள், அன்றிலிருந்து போடியில் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள்.

அன்னக்கொடியின் மாமியார் பெரியம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஆத்தா, அதைக் கீழ வைங்க. கர்ப்பப்பை வாய் திறக்கிற நேரம் இன்னும் வரலை. இந்த வேரு பையைப் பிழிய ஆரம்பிச்சா நிறுத்த நம்மால ஆகாது. பை கிழிஞ்சா ரெண்டு உசிரும் போயிரும்."

"ஓகோ! ஆஸ்பத்திரியில விளக்கெண்ணெய் குடுத்து வலி வரவைக்கலையா? நீங்க குடுத்தா மருந்து, நான் குடுத்தா விஷமா?"

"நாங்க பஞ்சாங்கம் பார்த்துக் குடுக்கிறதில்லை. நாள் தள்ளிப் போனா, பனிக்குடம் உடைஞ்சும் வலி வரலேன்னா, தாய்க்கு ஆபத்துன்னா, அப்பத்தான்..."

அவள் பார்வை கட்டிலின் கால்மாட்டுக்குப் போனது. சேலை விலகிய பாதத்தில், அன்னக்கொடியின் கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. சுருளியம்மாள் விரலால் அழுத்தினாள். விழுந்த குழி நிரம்பவில்லை.

"தலை வலிக்குதா தாயி?"

"நேத்திருந்து மண்டை பிளக்குது. கண்ணு முன்னால பூச்சி பறக்குது."

சுருளியம்மாளுக்குப் புரிந்துவிட்டது: ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறது. எந்த நேரமும் வலிப்பு வரலாம். பிள்ளையை உடனே வெளியே எடுத்தாக வேண்டும். ஆகாது என்ற வாயாலேயே அதை எப்படிச் சொல்வது?

"இவளுக்கு இன்னைக்கே வலி வரவைக்கணும் ஆத்தா. ஆனா ஆஸ்பத்திரியில. டாக்டரம்மா பனிக்குடத்தை உடைச்சுவிடுவாங்க. பிள்ளை துடிப்பைக் கேட்டுக்கிட்டே நான் பக்கத்துல இருப்பேன்."

பெரியம்மாள் சிரித்தாள். "பாத்தியாடி? இம்புட்டு நேரம் ஆகாதுன்னவளுக்கு, இப்ப அவ கையால செய்யணுமாம்! இந்தா, வெரசா குடி."

கிண்ணம் உதட்டருகே வந்தது. அன்னக்கொடி நர்சின் முகத்தையே பார்த்தாள்.

"அங்க வந்தா பிழைச்சுருவனா நர்சம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சத்தியம் பண்ண முடியாது தாயி. வலிப்பு வந்தா அங்க மருந்து இருக்கு. இங்க ஒண்ணுமில்லை."

அன்னக்கொடி கிண்ணத்தை ஒதுக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வந்தா பிள்ளையோட வா! வெறுங்கையோட இந்தப் படி ஏறாதே!" என்று கத்தினாள் பெரியம்மாள்.

 கனத்துச் சரிந்த அந்த உடம்பைச் சுருளியம்மாள் தோளில் தாங்கித் தெருவில் இறக்கினாள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது.